கல்யாணத்தை ஏன் அவசரப்படுத்தணும்? காசிமேட்டு மீன்கார அக்காவின் முதல் வருடச் சிகிச்சை

இந்த ஆய்வில் வருகிறவர் 44 வயதுப் பெண், நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர். காசிமேடு துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு தெருமுனையில் உட்கார்ந்து விற்பவர். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மகள் பி.காம்., மகன் பத்தாம் வகுப்பு, கூடவே மாமியார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். நான் இரத்தநோய்ப் பிரிவில் ஆலோசகர். மருந்து எழுதுவது டாக்டர் வேலை. அந்த மருந்து வீட்டுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை.

வந்த நிலை

நாலைந்து மாதமாகவே உடம்பு இளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ராத்திரியில் வியர்த்துக் கொட்டும், புடவை நனைந்துவிடும். "நாலு வாய் துன்னா வவுறு ரொம்பிப் போவுது மேடம், இடது பக்கம் கல்லு வெச்ச மாதிரி கீது" என்றார். தெருவில் இருந்த ஒரு கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி மாத்திரையும் பச்சை நிற சிரப்பும் கொடுத்து, இரண்டு மாதம் அதிலேயே ஓடிவிட்டது. அந்த டாக்டரைக் குறை சொல்வதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், பத்துக்கு ஒன்பது பேருக்கு அது கேஸாகத்தான் இருக்கும். ஆனால் இடது விலா எலும்புக்குக் கீழே ஒரு தடவை கை வைத்து அழுத்திப் பார்த்திருந்தால் மண்ணீரல் தட்டுப்பட்டிருக்கும்.

கடைசியில் ஒரு காய்ச்சலுக்காக இரத்தம் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெள்ளணுக்கள் 1,86,000. சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரைதான் இருக்க வேண்டும். லேபில் மெஷின் கோளாறோ என்று இரண்டாவது முறை போட்டுப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.2, தட்டணுக்கள் ஆறு லட்சத்துக்கு மேல். மண்ணீரல் விலா விளிம்புக்குக் கீழே 7 செ.மீ. இறங்கியிருந்தது. சாப்பாடு இறங்காததற்குக் காரணம் அதுதான்: வீங்கிய மண்ணீரல் இரைப்பையை நெருக்கிக்கொண்டிருந்தது.

எலும்பு மஜ்ஜை எடுக்க வேண்டும் என்றதும் வீட்டில் பெரிய ரகளை. முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அது முதுகுத்தண்டு இல்லை, இடுப்பெலும்பின் பின்பக்கம். அக்கா கையையே பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டியபோது, "இதுதானா? இங்க நான் தெனிக்கும் கூடைய முட்டுக் குடுக்கிற எடமாச்சே" என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மஜ்ஜையில் முதிராத அணுக்கள் 3 சதவீதம்தான். மரபணுப் பரிசோதனையில் பிசிஆர்-ஏபிஎல் என்ற, இந்த நோய்க்கே உரிய ஒட்டு மரபணு இருந்தது. முடிவு: நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா, நாள்பட்ட கட்டம். நோயின் கட்டங்களில் இதுதான் முதலாவது; சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் இதுதான்.

நோயும் மாத்திரையும்

உடம்பின் அநேகமாக ஒவ்வோர் அணுவிலும் 23 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. மஜ்ஜையில் ஏதோ ஒரே ஓர் அணுவில் ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் வாலை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன அந்த 22ஐ 1960ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதனால் அதற்கு ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர். இரண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டதால் வந்த வினை இது என்று 1973ல் ஜேனட் ரௌலி காட்டினார். ஒட்டிய இடத்தில் ஒரு புதுப் புரதம் உண்டாகி, சுவிட்ச் மாட்டிக்கொண்ட மோட்டார் போல நிற்காமல் வெள்ளணுக்களைப் பெருக்கச் சொல்கிறது. அக்காவுக்குக் கொடுத்த இமாடினிப் மாத்திரை அந்தப் புரதத்தில் போய் உட்கார்ந்து அதை வேலை செய்யவிடாமல் அடைக்கிறது.

இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பிறந்த பிறகு ஓர் அணுவில் நடக்கிற மாற்றம் என்பதால் பிள்ளைகளுக்குப் போகாது. எண்ணூர், மணலித் தொழிற்சாலைப் புகையால் வந்ததா என்று அண்ணன் (அக்காவின் கணவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) கேட்டார். வடசென்னையில் எந்தக் குடும்பத்தோடு பேசினாலும் இந்தக் கேள்வி வரும், வருவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இந்த நோய்க்கென்று திட்டமாக நிரூபணமான காரணம் அதிக அளவுக் கதிர்வீச்சுதான். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பிப் பிழைத்தவர்களிடம் அதைப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு இன்னதுதான் காரணம் என்று கைநீட்ட எதுவும் கிடைப்பதில்லை. நான் அதைத்தான் சொன்னேன். அண்ணனுக்குத் திருப்தி இல்லை.

மாத்திரை வருவதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் சில வருடங்களே இருந்தார்கள். 2001ல் இமாடினிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைப் பரிசோதித்த பெரிய ஆய்வில் பத்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 83 சதவீதம். அப்புறம், இந்த மாத்திரைக்கும் சென்னைக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நோவார்ட்டிஸ் கம்பெனி இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006ல் இங்கே மறுக்கப்பட்டது. காப்புரிமைச் சட்டப்பிரிவையே எதிர்த்து அவர்கள் போட்ட வழக்கைப் பாரிமுனையில் இருக்கும் நம் உயர் நீதிமன்றம் 2007ல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் கம்பெனி மாத்திரை மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய், உள்நாட்டு மாத்திரை சுமார் பத்தாயிரம். இன்றைக்கு இன்னும் இறங்கிவிட்டது. அக்காவுக்கு அரசுத் திட்டத்தில் விலையில்லாமலே கிடைக்கிறது. காசு செலவானது பரிசோதனைகளுக்கும், வேலைக்குப் போகாத நாட்களுக்கும்.

வீடு

டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அதே வாரத்தில் அந்த வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கிறாள். "அவ கண்ணு முன்னால ஒரு தாலிய ஏத்திட்டா நிம்மதியா இருப்பா" என்று அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார். கல்நெஞ்சக்காரர் இல்லை, சொல்லும்போதே அழுதுவிட்டார். மாமியார் அக்காவை அடுப்படிப் பக்கம் விடவில்லை. சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்து, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, சாவு வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்கள். ஒருவர் தட்டணு ஏற வேண்டும் என்று பப்பாளி இலைச் சாறு அரைத்துக்கொண்டு வந்தார். தட்டணு ஏற்கெனவே அளவுக்கு மேல், ஆறு லட்சம்! அதை நல்லவேளையாகக் கீழே கொட்டினோம்.

அன்பால் ஒருவரை எப்படிக் கிடத்திவிட முடியும் என்பதை இந்த வீட்டில் பார்த்த மாதிரி நான் எங்கேயும் பார்த்ததில்லை. முதல் மூன்று வாரத்தில் வெள்ளணுக்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன, இரத்தம் தெளிந்துகொண்டே வந்தது. ஆனால் அக்கா பேச்சு குறைந்துகொண்டே போனது. களைப்பு என்பார். அதில் நோய் எவ்வளவு, மாத்திரை எவ்வளவு, நாள் முழுக்கக் கட்டிலில் கிடப்பதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவதை மட்டும்தான் நம்மால் அன்றைக்கே மாற்ற முடியும்.

ஒரு விஷயத்தில் வீட்டார் சொன்னது சரிதான். மண்ணீரல் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது கனமான கூடையைத் தூக்கக் கூடாது, வயிற்றில் அடி படக் கூடாது. கிழிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஏல நெரிசலில் முழங்கை இடிபடாமல் ஒரு நாளும் வர முடியாது. அதனால் ஏலம் வேண்டாம், தூக்க வேண்டாம், நடக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெறுமனே நடக்கச் சொன்னால் அக்கா போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருக்களில் யாரும் வேலையில்லாமல் நடப்பதில்லை. அவர் நிலுவைக் கணக்கு நிறைய வைத்திருந்தார், வாடிக்கை வீடுகளில் வர வேண்டிய பாக்கி. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒரு தெருவாகப் போய் பாக்கி வசூல் பண்ணுங்கள் என்றேன். முதல் நாள் எஸ்.என்.செட்டி தெருவில் நாலு வீட்டோடு மூச்சு வாங்கித் திரும்பிவிட்டார். மாதம் முடிவதற்குள் கொருக்குப்பேட்டை வரை போய், இரண்டு பேரிடம் சண்டையும் போட்டுவிட்டு வந்தார். சண்டை போட்டதை அண்ணன் புகாராகச் சொன்னார். நான் அதைக் குறிப்பில் முன்னேற்றம் என்று எழுதினேன்.

மாத்திரை நின்ற பதினைந்து நாள்

ஏப்ரல் கடைசியில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு வகையான நியூட்ரோஃபில் 820க்கு இறங்கியது. ஆயிரத்துக்குக் கீழே போனால் இமாடினிப்பை நிறுத்திவைத்து, 1,500க்கு மேல் ஏறியதும் திரும்பத் தொடங்குவார்கள். முதல் சில மாதங்களில் இது பலருக்கும் நடப்பதுதான். மஜ்ஜையை நோயணுக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. அவை ஒழிந்த இடத்தை நல்ல அணுக்கள் வந்து நிரப்பக் கொஞ்ச காலம் பிடிக்கிறது.

இதை எத்தனை முறை விளக்கினாலும், மருந்தை நிறுத்து என்ற சொல் ஒரு வீட்டுக்குள் வேறு மாதிரித்தான் போய் விழும். கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. போட் கரையில் நிற்கிறது, அண்ணன் நாள் முழுக்க வீட்டில், வருமானம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு முறை வந்து போனார்கள். அந்த வாரங்களில் அக்காவுக்குச் சின்ன வேலையும் கிடையாது. ஃபைபர் படகில் வரும் மீனை விற்கும் தோழியிடம் அருவாமணையில் உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார், அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. நியூட்ரோஃபில் அவ்வளவு குறைவாக இருக்கும்போது ஒரு சங்கரா முள் குத்தினாலும் போதும்.

இந்தச் சமயத்தில்தான் தைரியமாக இருங்கள் என்று சொல்வதை நான் நிறுத்திக்கொண்டேன். கேட்டால் இருக்கேன் என்றுதான் சொல்வார், அதற்கு வேறு பதில் இல்லை. அதற்குப் பதில், அடுத்த தைக்கு என்ன யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாப்பா அப்ப மூணாவது வருசம் பாதியில இருப்பா" என்றார். வீட்டில் யாரும் போடாத கணக்கு அது. அன்றைக்கு ராத்திரி என்ன பேசினார்கள் என்று எனக்கு அக்கா சொன்னது இவ்வளவுதான்: "நான் போறதுக்குள்ள முடிக்கணும்னு தானே அவசரப்படறீங்க? நான் போலன்னா அவ படிப்ப யார் திருப்பிக் குடுப்பா?" மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுநாள் ஆள் போனது.

இந்த நோயில் நம்பிக்கை முகத்தில் தெரிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். என் அனுபவத்தில் அது தேதி போட்ட காரியங்களில்தான் தெரிகிறது. ஒரு படிப்பு முடியும் வரை காத்திருப்பது, இரண்டு வருட பாத்திரச் சீட்டில் சேருவது, கூரைக்கு ஷீட் மாற்ற அட்வான்ஸ் கொடுப்பது. முகம் எப்படி இருந்தாலும் சரி.

சீட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. மே மாதம் தெருவில் இருபது மாதச் சீட்டு ஒன்று ஆரம்பித்தபோது அக்கா போய்க் கேட்டார். நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் யார் கட்டுவது என்று சீட்டுப் பிடிக்கிற அம்மா சேர்த்துக்கொள்ளவில்லை. மாமியார் பெயரில் கேட்டதும் உடனே எழுதிக்கொண்டார். மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. இந்தக் கதையை அக்கா சொல்லும்போதெல்லாம் வார்டே சிரிக்கும்.

கலர் ஏறிப்போச்சு

பக்க விளைவுகளில் பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் எல்லாம் முகத்திலேயே வந்தன. காலையில் கண் இமை வீங்கி நிற்கும். இமாடினிப்பில் இது சகஜம், பகலில் வடிந்துவிடும். துறைமுகத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம் ராத்திரி முழுக்க அழுதாயா என்று கேட்க, அவர் அழாத நாளிலும் அழுதவராகிப் போனார். அடுத்து தோல் வெளுக்க ஆரம்பித்தது. கருப்புத் தோல் உள்ளவர்களிடம் இது நன்றாகவே தெரியும். "இன்னாக்கா, கலர் ஏறிடிச்சே, இன்னா கிரீம் போடற?" என்று சின்னப் பெண்கள் கேட்டார்களாம். மாத்திரை பெயரைச் சொல்லவா வேண்டாமா என்று என்னிடம் வந்து கேட்டார். மற்றபடி ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்; தண்ணீர் அதிகம் குடிக்கச் சொல்லி, கால்சியம் அளவைப் பார்த்துச் சரி செய்தார்கள். கிரேப்ஃப்ரூட்டும் அதன் சொந்தக்காரப் பழமான பம்பளிமாஸும் வேண்டாம் என்றோம், உடம்பில் மாத்திரையின் கணக்கை அவை மாற்றிவிடும். நாட்டு மருந்து எதுவானாலும் முதலில் என்னிடம் காட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

செப்டம்பர் ரிசல்ட்

மூன்று மாதத்தில், அதாவது ஜூன் நடுவில், இரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பிசிஆர்-ஏபிஎல் அளவு 7.4 சதவீதம். பத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இருந்தது. மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை. தடைக்காலமும் முடிந்தது, வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். கூடையைத் தலையில் தூக்குவதை விட்டுவிட்டு, இன்னும் இரண்டு பெண்களோடு பங்கு போட்டு மீன்பாடி வண்டியில் சரக்கை ஏற்றி அனுப்பினார். ஏலத்துக்குத் திரும்பிப் போன முதல் நாள் வஞ்சிரம் இரண்டு கிலோ என் பெயரில் தனியாக எடுத்து வைத்திருந்தார். நான் வாங்கவில்லை, மருத்துவமனை விதி அப்படி. ரொம்ப வருத்தம்தான்.

எல்லாம் நல்லபடி போகிறது என்று நினைத்த நேரத்தில் ஆறாம் மாத முடிவு வந்தது. 2.6 சதவீதம். ஒன்றுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். மாத்திரை பலிக்காமல் போகும் மரபணு மாற்றமா, டாசாடினிப் மாதிரி அடுத்த மாத்திரைக்குப் போவதா என்று பேச்சு எழுந்தது. அதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் மாத்திரையை எண்ணலாம் என்று டாக்டர் சொன்னார். மிச்சம் இருக்கவே கூடாத ஸ்ட்ரிப்புகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தன. கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நாள் விட்டிருக்கிறார்.

லண்டனில் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில், பாட்டில் மூடியில் கருவி பொருத்தி 87 நோயாளிகள் எத்தனை முறை மாத்திரை எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2010ல் வெளியான அந்த ஆய்வில், பத்தில் ஒன்றுக்கு மேல் விடாதவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் நல்ல கட்டுப்பாட்டுக்கு வந்தார்கள். அதற்கு மேல் விட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு உடம்பில் நோயின் தொந்தரவு தெரியாது என்பதால், விட்டதும் தெரியாது.

ஏன் விட்டார்? சோர்ந்துபோய் விடவில்லை, மறந்தும் விடவில்லை. வேலைக்குப் போனதால் விட்டார். மருந்துச்சீட்டில் 1-0-0 என்று இருந்தது, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. இந்த எழுத்து காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுகிறவர்களுக்கானது. அக்காவின் காலை மூன்று மணிக்கு, ஒரு டீயோடு. முதல் சோறு பதினோரு மணிக்கு மேல். தடைக்காலத்தில் வீட்டில் இருந்தவரை சாப்பிட்டுப் போட்டார், சிக்கல் இல்லை. ஏலத்துக்குப் போக ஆரம்பித்ததும் வெறும் வயிற்றில் டீயோடு போட்டு, ஏலம் கூவும் நேரத்தில் வாந்தி வந்தது. அங்கே ஓரமாகப் போய் நின்றால் நல்ல கூறு கைவிட்டுப் போகும். அதனால் சரக்கு அதிகம் வரும் நாட்களில் மாத்திரைக்கு லீவு.

யாரும் அவர் எப்போது சோறு சாப்பிடுகிறார் என்று கேட்டிருக்கவில்லை. சுறுசுறுப்பாக இருங்கள், வேலைக்குத் திரும்புங்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். திரும்பிய பிறகு அந்த வேலையின் கடிகாரத்துக்குள் மாத்திரையை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்தே பேசியாக வேண்டும். 1-0-0 அழிந்து 0-1-0 ஆனது. மீனை விற்று முடித்து, குளித்து, வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவது இரண்டு மணிக்கு. அப்போது பெரிய சொம்புத் தண்ணீரோடு ஒரு மாத்திரை, உடனே படுக்கக் கூடாது. பொறுப்பு மகனுக்கு: பள்ளி விட்டு வந்ததும் காலி ஸ்ட்ரிப்பைப் பார்ப்பான். மரபணு மாற்றப் பரிசோதனையும் செய்தார்கள், அதில் எதுவும் இல்லை. மாத்திரையை மாற்றவில்லை.

ஒன்பதாம் மாதம் 0.6. பன்னிரண்டாம் மாதம் 0.12. அந்தக் கட்டத்தில் 0.1க்குக் கீழே வந்தால்தான் டாக்டர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள், இன்னும் ஒரு நூல் பாக்கி. மாத்திரையை ஒழுங்காக எடுப்பது பிந்தித்தான் ஆரம்பித்தது என்பதால் இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று முடிவு.

இப்போது

ஹீமோகுளோபின் 11.4, எடை ஆறு கிலோ ஏறியிருக்கிறது. மகள் கடைசி செமஸ்டர் எழுதிக்கொண்டிருக்கிறாள். மாமியார் பெயரில் இருக்கும் சீட்டைத் தள்ளி எடுக்காமல் கடைசி வரை கட்டப் போகிறாராம், அப்போதுதான் முழுப் பணமும் வரும்.

மாத்திரையை என்றைக்காவது நிறுத்தலாமா என்று போன முறை கேட்டார். பல வருடம் மாத்திரை எடுத்து, நோயின் அளவு மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கேயே சில வருடம் நின்றால், டாக்டர் கண்காணிப்பில் நிறுத்திப் பார்ப்பது உண்டு. அப்படி நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருவதில்லை. வந்தவர்களும் மாத்திரையைத் தொடங்கினால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். "அப்ப பாப்பாவுக்குப் புள்ள பொறந்து ஸ்கூல் சேர்க்கிற டைம்னு வெச்சுக்கலாம்" என்றார்.

அடுத்த பரிசோதனை ஜூன் நடுவில் விழுகிறது. தடைக்காலம் முடிந்து போட் எல்லாம் கடலுக்குப் போய் முதல் மீன் கரைக்கு வரும் வாரம் அது. அந்த வாரம் இரத்தம் கொடுக்கவெல்லாம் வர முடியாது, என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். டாக்டரிடம் கேட்டு ஜூன் முதல் வாரத்துக்கு மாற்றி, சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.